ஆண்டுக்கூட்டத்தில் தீர்மானத்தைத் திருத்துவது எப்படி? முதல் தடவை எழுந்து பேசுபவர்களுக்கு

எங்கள் மரண சகாய சங்கத்தின் சட்டவிதியில் ஒரே ஒரு வரியை மாற்ற மூன்று ஆண்டுக்கூட்டமும் ஒரு சிறப்புக் கூட்டமும் பிடித்தன. முதல் ஆண்டு எனக்குத் திருத்தம் எழுதத் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு ஆள் பற்றவில்லை. மூன்றாம் ஆண்டு கை தூக்கி நிறைவேற்றிவிட்டோம், ஆனால் சங்கங்களைப் பதியும் அரசுப் பதிவிலாகாவுக்குப் போகவேண்டிய தாள் போகவில்லை. நான்காவது கூட்டத்துக்குப் பிறகுதான் வேலை முடிந்தது.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இப்போது டவுனில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன். எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் என்னைப் போல லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வெளியேறியவர்கள்தான். பழைய விதியோ, ‘தோட்டத்தில் வசிப்பவர்’ மட்டும் உறுப்பினராக இருக்கலாம் என்றது. எழுத்துப்படி பார்த்தால் வீடு மாறிய அன்றைக்கே எங்கள் உரிமை போய்விட்டது. 27 ஆண்டுகள் மாதம் 2 ரிங்கிட் கட்டிய ஒரு பாட்டி இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். கணக்குப் போட்டால் 648 ரிங்கிட். சந்தா அட்டையை நெகிழிப் பையில் சுற்றி எடுத்துவந்து, “நான் இன்னும் சங்கத்துல இருக்கேனாம்மா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகுதான் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தேன்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயில், மரண சகாயம், நலன்புரி என்று 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிந்த அமைப்புகளுக்கு இந்தக் கட்டுரை முழுதும் பொருந்தும். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இளைஞர் இயக்கங்களும் வேறு சட்டங்களின் கீழ் வருபவை. கூட்டத்தில் பேசும் முறை அவற்றுக்கும் ஒன்றுதான். பதிவிலாகா பற்றிய 8-ஆம் படியை மட்டும் அவர்கள் விட்டுவிடலாம்.

1. முத்திரை உள்ள சட்டவிதியைக் கையில் வாங்குங்கள்

செயலாளரிடம் கேட்டால் ஒரு நகல் கிடைக்கும். அதோடு திருப்தி அடையாதீர்கள். பதிவிலாகா ஒப்புதல் அளித்த பிரதிதானா என்று முத்திரையையும் தேதியையும் பாருங்கள். எங்கள் சங்கத்தில் இரண்டு பிரதிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றில் உறுப்பினர் தகுதி 4-ஆம் விதி, இன்னொன்றில் 5-ஆம் விதி. எப்போதோ ஒரு முறை மாற்ற நினைத்து, தட்டச்சு செய்து, ஒப்புதல் வாங்காமல் விட்ட பிரதி இந்த இரண்டாவது. அதை நம்பி நான் எழுதிய முதல் கடிதம் வீண்.

பிரதி கிடைத்ததும் பென்சிலோடு ஐந்து விதிகளைப் படியுங்கள்: உறுப்பினர் தகுதி, பொதுக்கூட்டம், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை), வாக்கு, சட்டவிதித் திருத்தம். மலாயில்தான் இருக்கும். சிரமமாக இருந்தால் படிவம் மூன்று படித்த பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். தலைவர் சொன்னார், அண்ணன் சொன்னார் என்று மட்டும் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வாய்வழியாக வந்த விதிகளில் பாதிக்கு மேல் எங்கள் புத்தகத்தில் இல்லை.

2. நாட்காட்டியில் பின்னாலிருந்து எண்ணுங்கள்

எங்கள் விதிப்படி, கூட்டத்துக்கு 30 நாளுக்கு முன் செயலாளர் முதல் நோட்டிஸ் அனுப்பவேண்டும். அதில் தேதி, இடம் இருக்கும்; தீர்மானம் கொண்டுவர விரும்புவோர் அதை எழுத்தில் அனுப்பும்படியும் கேட்டிருக்கும். 14 நாளுக்கு முன் நிகழ்ச்சி நிரல் வரவேண்டும். பல சங்கங்களின் விதி இதே போலத்தான், ஆனால் உங்கள் புத்தகத்தில் உள்ள எண்தான் உங்களுக்குக் கணக்கு.

இங்கேதான் பலர் விழுகிறார்கள். சட்டவிதியை மாற்றும் தீர்மானத்தைக் கூட்டத்தன்று ‘இதர விஷயங்கள்’ வரும்போது எழுப்ப முடியாது. அது முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலில் இருக்கவேண்டும். ஆனால் அப்படி நிரலில் உள்ள தீர்மானத்துக்குத் திருத்தம் கொண்டுவருவது வேறு. அதைக் கூட்டத்திலேயே செய்யலாம், தீர்மானம் பேசும் பொருளை விட்டு விலகாத வரை. தீர்மானம் புதுப் பொருள். திருத்தம் இருக்கும் பொருளுக்குள் சொல் மாற்றம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் முதல் ஆண்டு நான் கூட்டத்தில் நின்றேன்.

இன்னொன்று, சந்தா. பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்குரிமை இல்லை என்று உங்கள் விதியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், உங்களோடு நிற்கப்போகிறவர்கள் எல்லாரும் கூட்டத்துக்கு முன்பே கட்டிவிடவேண்டும். ரசீதைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பொருளாளரிடம் அன்று காலையில் வாதாட நேரம் இருக்காது.

3. ஒரு நாள் மக்களவையைப் பாருங்கள்

நேரம் வீண் என்று நினைக்காதீர்கள். எனக்கு இது மண்டையில் ஏறியதே நாடாளுமன்ற நேரலையைப் பார்த்துத்தான். நம் கூட்டங்களில் நாம் பேசும் முன்மொழிதல், வழிமொழிதல், திருத்தம் எல்லாம் அந்த அவை முறையிலிருந்து வந்தவைதான்.

ஒரு மசோதா மூன்று வாசிப்பு காணும். முதல் வாசிப்பில் பெயரை மட்டும் படிப்பார்கள், விவாதம் கிடையாது. இரண்டாம் வாசிப்பில் இது தேவையா, நோக்கம் சரியா என்று பொதுவாகப் பேசுவார்கள். அது நிறைவேறியதும் அவையே குழுவாக மாறிவிடும். அப்போது மசோதாவை உட்பிரிவு உட்பிரிவாக எடுப்பார்கள். இந்தச் சொல்லை நீக்கு, அந்தச் சொல்லைச் சேர் என்ற திருத்தத்துக்கு அதுதான் இடம். பிறகு மூன்றாம் வாசிப்பு. குழு நிலையைக் கவனியுங்கள். ‘ஃபாசால்’ (உட்பிரிவு) 1, ‘ஃபாசால்’ 2 என்று எண் சொல்லி, மசோதாவின் பகுதியாக ஆக்குகிறார்கள். நோக்கம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு அந்நேரம் அங்கே பொருந்தாது.

நம் கூட்டங்களில் சண்டை வருவது எங்கே என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் நோக்கத்தைப் பேசுகிறார், இன்னொருவர் சொல்லைப் பேசுகிறார். இருவருக்கும் ஒரே நேரத்தில் மைக் வேண்டும். முதலில் நோக்கம், பிறகு சொல் என்று பிரித்துவிட்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். மூன்றாம் ஆண்டு இதைத் தலைவரிடம் கூட்டத்துக்கு முதல் நாளே போய்ச் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டார். அன்றைக்குக் கூட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

உங்கள் கவலை உண்மையிலேயே ஒரு மசோதாவைப் பற்றியது என்றால், பொதுமக்கள் நேராகத் திருத்தம் கொண்டுவர முடியாது. உறுப்பினர் ஒருவர்தான் கொண்டுவரவேண்டும், எழுத்து மூலம் முன்னறிவிப்பு கொடுத்து. அதனால் முதல் வாசிப்பு முடிந்து மசோதா நாடாளுமன்ற இணையத்தளத்தில் வந்ததுமே இறக்கிப் படியுங்கள். உட்பிரிவு எண், இப்போதுள்ள சொல், நீங்கள் கேட்கும் சொல், ஒரு வரிக் காரணம். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி உங்கள் தொகுதி உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுங்கள். குழு நிலைக்கு முன்பே அவர் கைக்குப் போகவேண்டும். வரி விதிக்கும் திருத்தம், அரசு நிதியிலிருந்து செலவு வைக்கும் திருத்தம் ஆகியவற்றை அமைச்சரைத் தவிர வேறு யாரும் கொண்டுவர முடியாது என்று அரசியலமைப்பின் 67-ஆம் பிரிவு சொல்கிறது. ‘தோட்டத்து வீடுகளுக்கு அரசு இவ்வளவு பணம் தரவேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால், எவ்வளவு நல்ல உறுப்பினராக இருந்தாலும் அவரால் அதை முன்மொழிய முடியாது.

4. சொற்களைத் தாளில் எழுதுங்கள்

இந்தப் படிதான் உயிர். மற்றதெல்லாம் தவறினாலும் சமாளிக்கலாம்.

முதல் ஆண்டு செயலவை (நிர்வாகக் குழு) கொண்டுவந்த தீர்மானம் இது: 4-ஆம் விதியில் ‘தோட்டத்தில் வசிப்பவர்’ என்பதை மாற்றி, ‘தோட்டத்தில் அல்லது தோட்ட எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்’ என்று ஆக்குவது. நல்ல எண்ணம்தான். ஆனால் 5 கிலோமீட்டர் போதாது. நான் எழுந்து ஐந்து நிமிடம் பேசினேன். பாட்டியைப் பற்றிச் சொன்னேன், லயம் இடித்ததைச் சொன்னேன். கைதட்டினார்கள். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா, எந்தச் சொல்லை எடுக்கணும், எந்தச் சொல்லைப் போடணும்?” என்று கேட்டார். என்னிடம் தாள் இல்லை. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பின்னாலிருந்து ஒருவர், “திருத்தம்! 5 கிலோமீட்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்” என்றார். அதையும் தலைவர் ஏற்கவில்லை. அவர் செய்தது சரி. தீர்மானமே வேண்டாம் என்பது திருத்தம் ஆகாது. வேண்டாம் என்பவர், வாக்கெடுப்பில் எதிர்த்துக் கை தூக்கினாலே போதும். அன்று சத்தம் கூடி, தீர்மானம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

திருத்தம் மூன்றே வகை: சில சொற்களை நீக்குவது, சில சொற்களைச் சேர்ப்பது, சிலவற்றை நீக்கி அந்த இடத்தில் வேறு போடுவது. எழுதும்போது இந்த மூன்றில் எது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

எப்படி எழுதுவது என்று பழக, சட்டத் திருத்த மசோதா ஒன்றை எடுத்துப் பாருங்கள். நான் எடுத்தது தோட்டத் தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 446-ஆம் எண் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். 1990-இல் வந்த அந்தச் சட்டம் முதலில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. திருத்தத்தால் மற்றத் துறைகளுக்கும் விரிந்து, 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. சட்டத்தின் பெயரிலேயே ‘பெருமாஹான்’ என்பதற்குப் பக்கத்தில் ‘பெங்கினாப்பான்’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். வீடு மட்டும் இல்லை, தங்குமிடமும் சேர்த்தி என்று அந்த ஒரு சொல் காட்டுகிறது. உள்ளே வரிக்கு வரி, ‘இந்தச் சொல்லுக்குப் பதிலாக இந்தச் சொல்’, ‘இந்தச் சொல்லுக்குப் பின் இதைச் சேர்க்க’ என்றே போகும். அலங்காரம் ஒன்றும் இல்லை. நானும் அப்படியே எழுதினேன்:

‘தீர்மானத்தில் “தோட்ட எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்” என்ற சொற்களை நீக்கி, அவ்விடத்தில் “கோலகங்சார் மாவட்டத்தில்” என்ற சொற்களைச் சேர்க்க.’

இரண்டே வரி. கோலகங்சார்தான் எங்கள் மாவட்டம். கீழே என் பெயர், உறுப்பினர் எண், வழிமொழிபவர் பெயர், இரண்டு கையெழுத்து. மூன்று நகல்: தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

எழுதி முடித்ததும், திருத்தம் சேர்ந்த பிறகு முழு வாக்கியமும் எப்படி வரும் என்று தனியாக எழுதி, சத்தமாகப் படித்துப் பாருங்கள். இது மிக முக்கியம். திருத்தத்தை மட்டும் படித்தால் சரியாகத் தெரியும்; சேர்த்துப் படிக்கும்போதுதான் இடிக்கும்.

மொழியிலும் ஒரு பொறி இருக்கிறது. நாம் தமிழில் பேசுகிறோம், பதிவாவது மலாய் வாசகம். எங்கள் வரியின் முதல் மலாய் வரைவில் ‘அத்தாவ்’ வரவேண்டிய இடத்தில் ‘டான்’ விழுந்திருந்தது. அதாவது ‘அல்லது’ போய் ‘மற்றும்’ வந்துவிட்டது. அப்படியே போயிருந்தால் தோட்டத்திலும் வசிக்கவேண்டும், மாவட்டத்திலும் வசிக்கவேண்டும் என்று ஆகி, நாங்கள் சேர்க்க நினைத்த ஆட்களே வெளியே போயிருப்பார்கள். தமிழையும் மலாயையும் ஒரே தாளில் மேலும் கீழுமாகப் போட்டு, கூட்டத்தில் இரண்டையும் படிக்கச் சொல்லுங்கள்.

5. ஆளைச் சேருங்கள், கோரத்தைக் கணக்கிடுங்கள்

வழிமொழிய ஒருவர் கட்டாயம் வேண்டும். முதல் நாளே பேசி வையுங்கள். திடீரென்று “யார் வழிமொழிகிறீர்கள்?” என்றால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள்.

கோரம் பற்றி எங்கள் விதி சொல்வது: வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர், அல்லது செயலவை எண்ணிக்கையின் இரு மடங்கு, இவற்றில் எது குறைவோ அது. எங்களுக்கு உறுப்பினர் 84, செயலவை 11. பாதி 42, இரு மடங்கு 22. ஆக 22 பேர் போதும். பதிவிலாகாவின் மாதிரிச் சட்டவிதியை வைத்து எழுதிய சங்கங்களில் இதே கணக்கைப் பார்க்கலாம்.

இரண்டாம் ஆண்டு 19 பேர்தான் வந்தார்கள். அரை மணி நேரம் காத்திருந்து, கூட்டத்தை 30 நாளுக்குள் வேறு தேதிக்குத் தள்ளி வைத்தோம். மறுகூட்டத்தில் 17 பேர். மறுகூட்டத்துக்கு வந்தவர்களே கோரம் என்று விதி சொல்வதால் எல்லாரும் நிம்மதியாக உட்கார்ந்தோம். கணக்கறிக்கை நிறைவேறியது. இந்தச் சட்டவிதித் தீர்மானம் வந்தபோது செயலாளர் புத்தகத்தைத் திறந்து அடுத்த வரியைப் படித்தார்: கோரம் இல்லாமல் நடக்கும் அந்த மறுகூட்டத்துக்குச் சட்டவிதியைத் திருத்த அதிகாரம் இல்லை. அந்த வரியை நான் அதற்கு முன் படித்திருக்கவில்லை. நீங்கள் இன்றைக்கே படியுங்கள்.

ஆகவே சட்டவிதித் திருத்தம் இருக்கும் ஆண்டில் முதல் கூட்டத்திலேயே கோரம் சேரவேண்டும். தேதி வைக்கும்போது கோயில் திருவிழா, பள்ளி விடுமுறை, அந்த வட்டாரத்துக் கல்யாணம் எல்லாம் பாருங்கள். மூன்றாம் ஆண்டு நான்கு பேர் வீடு வீடாகப் போனோம். தாமானில் இருப்பவர்களிடம் மோட்டார் சைக்கிள், தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேன். 31 பேர் வந்தார்கள்.

6. கூட்டத்தில் எந்த நேரத்தில் எழுவது

முறை இப்படி. தீர்மானத்தை ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். விவாதம் திறக்கும். அப்போது நீங்கள் எழுந்து, “தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் முன்மொழிகிறேன்” என்று சொல்லி, தாளில் உள்ளதை உள்ளபடி படிக்கவேண்டும். பேச்சு பிறகு. முதலில் வாசகம். வழிமொழிந்ததும் தலைவர் அதை ஏற்பதாகச் சொல்வார். அந்த நிமிடத்திலிருந்து மூலத் தீர்மானம் ஓரமாக நிற்கும். பேச்சு திருத்தத்தைப் பற்றி மட்டும்தான் நடக்கவேண்டும். மூலத் தீர்மானத்தில் ஏற்கனவே பேசியவர்கூடத் திருத்தத்தில் மறுபடியும் பேசலாம்.

மூன்றாம் ஆண்டு என் திருத்தம் விவாதத்தில் இருந்தபோது ஒரு தம்பி எழுந்தார். “மாவட்டம்னு போட்டா ஈப்போவில் இருக்கிற பாட்டிக்கு என்னக்கா வழி?” என்றார். நான் பாட்டிக்காகத்தான் எல்லாம் ஆரம்பித்தேன், கடைசியில் என் வாசகமே அவரை விட்டுவிட்டது. ஈப்போ கிந்தா மாவட்டத்தில் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தம்பி அங்கேயே ஒரு தாளில், என் திருத்தம் சேர்ந்து வரும் வாசகத்தின் முடிவில் ‘வசிப்பவர்’ என்பதற்குப் பின் ‘அல்லது குறைந்தது 10 ஆண்டு தொடர்ந்து சந்தா கட்டியவர்’ என்று சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தார். இது திருத்தத்துக்குத் திருத்தம்.

இப்போது எதை முதலில் வாக்குக்கு விடுவது? இங்கேதான் பல தலைவர்கள் தடுமாறுகிறார்கள். கடைசியாக வந்தது முதலில் போகும். முதல் வாக்கு தம்பியின் திருத்தத்துக்கு. அது வென்றால் என் திருத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் வாக்கு, ஒட்டிய நிலையில் என் திருத்தத்துக்கு. அது வென்றால் மூலத் தீர்மானத்தோடு ஒட்டும். மூன்றாம் வாக்கு, எல்லாம் சேர்ந்த முழுத் தீர்மானத்துக்கு. இந்த மூன்றாம் வாக்கு எடுக்காமல் கலைந்துவிட்டால் ஒன்றும் நிறைவேறவில்லை என்றுதான் பொருள். திருத்தம் வென்ற சந்தோஷத்தில் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போவது நடக்கக்கூடியதே. “தலைவர் அவர்களே, திருத்திய தீர்மானத்துக்கு வாக்கு” என்று நீங்களே நினைவூட்டுங்கள்.

ஒவ்வொரு வாக்குக்கும் முன் வாசகம் முழுதாகப் படிக்கப்படவேண்டும். எங்கள் மண்டபத்தில் ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, மார்க்கர் பேனாவால் எழுதினோம். நீக்கும் சொல்லுக்குச் சிவப்புக் கோடு, சேர்க்கும் சொல் நீலத்தில். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் கண்ணாடியைச் சரிசெய்து படித்துவிட்டு, “இப்பத்தான் விளங்குது” என்றார்கள்.

7. எத்தனை வாக்கு வேண்டும், யாருடைய கணக்கில்

‘மூன்றில் இரண்டு’ என்று உங்கள் விதியில் இருந்தால் உடனே கேட்கவேண்டிய கேள்வி: எதில் மூன்றில் இரண்டு? வந்தவர்களிலா, வாக்களித்தவர்களிலா, மொத்த உறுப்பினர்களிலா?

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை மக்களவையே காட்டியது. அரசியலமைப்பைத் திருத்த, வழக்கமாக மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்கவேண்டும். 222 பேரில் 148. 2019 ஏப்ரலில் சபா, சரவாக் நிலை பற்றிய திருத்த மசோதாவுக்கு 138 பேர் ஆதரவு தந்தார்கள், 59 பேர் வாக்களிக்காமல் விலகி நின்றார்கள். மசோதா விழுந்தது. வாக்களித்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் அது விழுந்திருக்காது. 2021 டிசம்பரில் அதே பொருளில் வந்த மசோதா 199 ஆதரவோடு நிறைவேறியது.

எங்கள் விதியில், வந்தவர்களில் மூன்றில் இரண்டு. 31 பேருக்கு 21. திருத்தங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், முழுத் தீர்மானத்துக்குத்தான் 21. எங்களுக்கு 26 கிடைத்தது. ஆனால் கை தூக்கியதை ஒருவர் மட்டும் எண்ணவிடாதீர்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை மூன்றையும் சத்தமாகச் சொல்லி, செயலாளர் அங்கேயே எழுதவேண்டும். ‘ஏகமனதாக’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எதிர்த்து ஒருவர் இருந்தாலும் அப்படி எழுதுவது தவறு.

8. கூட்டக் குறிப்பும் 60 நாளும்

சட்டவிதித் திருத்தம் கூட்டத்தில் நிறைவேறியதாலேயே நடப்புக்கு வராது. பதிவிலாகா ஒப்புதல் தந்தால்தான் வரும். விண்ணப்பத்தைக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் அனுப்பவேண்டும் என்பது எங்கள் விதி.

எங்களுக்கு இடறிய கல் இது. ஆண்டறிக்கையையும் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள்தான் அனுப்பவேண்டும். மூன்றாம் ஆண்டு எங்கள் செயலவை ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவின் ஈரோசஸ் இணைய முறையில் ஒழுங்காக ஏற்றியது. கூட்டக் குறிப்பும் அதில் சேர்ந்து போனது. குறிப்பிலேயே திருத்தம் இருக்கிறதே, அது போதும் என்று எல்லாரும் நினைத்தோம். போதாது. ஆண்டறிக்கை ஒரு விண்ணப்பம், சட்டவிதித் திருத்தம் தனி விண்ணப்பம். மூன்று மாதம் கழித்து நான் விசாரித்தபோதுதான் திருத்தம் அனுப்பப்படவே இல்லை என்று தெரிந்தது. சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டி, அதே வாசகத்தை ஓர் எழுத்தும் மாறாமல் மறுபடியும் நிறைவேற்றினோம். 27 பேர் வந்தார்கள்.

இந்த முறை நாங்கள் சேர்த்து அனுப்பியவை: கூட்ட நோட்டிஸ், நிகழ்ச்சி நிரல், கையெழுத்திட்ட வருகைப் பட்டியல், தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்ட கூட்டக் குறிப்பு, திருத்த அட்டவணை, திருத்தம் சேர்த்துத் தட்டச்சு செய்த முழுச் சட்டவிதி. அட்டவணையில் மூன்று பத்திகள்: பழைய வாசகம், புதிய வாசகம், காரணம். குறிப்பில் உள்ள வாசகம், அட்டவணையில் உள்ள வாசகம், முழுச் சட்டவிதியில் உள்ள வாசகம் மூன்றும் கமா உட்பட ஒன்றாக இருக்கவேண்டும். நானும் செயலாளரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் படிக்க ஒருவர் விரல் வைத்துச் சரிபார்த்தோம். இருபது நிமிட வேலை.

வருகைப் பட்டியலில் பெயரோடு ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் அன்றே வாங்கிவிடுங்கள். பிறகு தேடிப் போனால் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள். அனுப்பிய பிறகு திரையில் வரும் சமர்ப்பிப்பு விவரத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். செயலாளர் கணக்கின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்து, அவர் ஊர் மாறிப்போனால் எல்லாம் நின்றுவிடும். செயலவையில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

9. செலவும் காலமும்

சிறப்புக் கூட்டத்துக்கு எங்களுக்கு ஆனது: 84 பேருக்கு மூன்று பக்கம், பக்கம் 10 சென் வீதம் 25 ரிங்கிட் 20 சென். மண்டபம் 60. டீயும் வடையும் 90. ஈப்போவுக்கு ஒரு நடை பெட்ரோல் 15. மொத்தம் 190 ரிங்கிட் 20 சென். வெளியூர் உறுப்பினர்களுக்கான தபால் தலை தனி. நோட்டிஸை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டால் செலவு மிச்சம்தான், ஆனால் உங்கள் விதி அதை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்கவில்லை என்று ஒருவர் எழுந்தால் கூட்டமே கேள்விக்குள்ளாகும். நாங்கள் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம்.

காலம் என்று பார்த்தால், வாசகம் எழுதவும் ஆட்களிடம் பேசவும் ஒரு மாதம், நோட்டிஸுக்கு ஒரு மாதம், கூட்டம், விண்ணப்பம். ஒப்புதல் வர எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. மார்ச்சில் கூட்டம் என்றால் பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள்.

10. ஒப்புதல் வந்த பிறகு

ஒப்புதல் வரும்வரை பழைய விதிதான் நடப்பு. அந்த இடைவெளியில் யாரையும் புது விதிப்படி சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம். வந்ததும் புதிய பிரதியின் முதல் பக்கத்தில் ஒப்புதல் தேதியைப் பெரிதாக எழுதி, பழைய நகல்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள். நான் 1-ஆம் படியில் சொன்ன இரண்டு பிரதிக் குழப்பம் அப்படித்தான் வராமல் இருக்கும். நாங்கள் 84 பேருக்கும் 4-ஆம் விதி உள்ள பக்கத்தை மட்டும் நகலெடுத்து, சந்தா அட்டைக்குள் மடித்து வைக்கும் அளவுக்கு வெட்டிக் கொடுத்தோம். ஈப்போவில் இருக்கும் பாட்டிக்குரியதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மகள் அதை வாசித்துக் காட்டினார். அந்த மாதச் சந்தா 2 ரிங்கிட்டை என்னிடமே கொடுத்தனுப்பினார், ரசீது மறக்கவேண்டாம் என்று சொல்லி.